மடிப்பக்காவும் நூற்றிருபது தலைகீழ்ப் பிரதிகளும்

1. வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு மடிப்பக்காவின் புதிய இதழ் நூற்றிருபது பிரதிகள் அச்சாகி முடிந்தன.
2. ஆறு பத்துக்கு முதல் பிரதியை மடித்தோம்.
3. ஆறு பதினொன்றுக்கு, பக்கங்களில் பாதி தலைகீழாக இருப்பதைக் கண்டோம்.
4. சனிக்கிழமை சிற்றிதழ்க் கண்காட்சி. தாள் தீர்ந்துவிட்டது.
5. தவறு என்னுடையது.

ஐந்தாவதைச் சொன்னதும் மடிப்பக்கா என்னைத் திட்டியிருக்க வேண்டும். பிரதியை இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்துவிட்டு, "பாதிதானா?" என்றார், ஏமாற்றத்தோடு.

ஜார்ஜ் டவுனில் மடிப்பக்காவின் கையில் அகப்பட்ட எந்தத் தாளும் தட்டையாகத் தப்பியதில்லை. கடை ரசீது, பேருந்துச் சீட்டு, நாசி கண்டார் சோற்றுப் பொட்டலத்துத் தாள், எல்லாம் எட்டுப் பக்கப் புத்தகமாகிவிடும். ஒருமுறை கிளினிக்கில் மருந்துச் சீட்டை மடித்து, அட்டைப்படமாக டாக்டரின் மீசையை வரைந்து நீட்டினார். மருந்து கொடுக்கும் பெண் கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டுத்தான் மாத்திரையை எடுத்தார். மடிப்பக்காவுக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். அடையாள அட்டையைக் கேட்டால் காட்டுவார். கேட்க யாருக்கும் தோன்றியதில்லை.

சூலியா தெருவில் நாணய மாற்றுக் கடைக்கு மேலே ஓர் அறை. அதில் ஏதோ ஒரு பள்ளிக்கூடம் பரீட்சைத் தாள்களாக அடித்துத் தீர்த்துவிட்டுக் கழித்த அச்சு இயந்திரம். அதை வைத்து ஆண்டுக்கு மூன்று ஓவிய இதழ்கள். ஆசிரியர், அச்சடிப்பவர், தைப்பவர் எல்லாம் அவரே; வேலை முடிந்து வந்து கைகொடுப்பவள் நான். அவர் இதழில் வரைய ஒரே தகுதி, தன்னை ஓவியர் என்று சொல்லிக்கொள்ளாமல் இருப்பது.

அந்தத் தகுதியில் சேகர் அண்ணேயை மிஞ்ச ஆளில்லை. பத்து காவான் என்ற ஊரில் நான் பொறியாளராக இருக்கும் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். ஓய்வு நேரத்தில், கழிவுச் சாமான் நிரப்பிய அட்டைப்பெட்டிகள்மேல் பேனாவால் கைகளை வரைவார். திருகாணி முடுக்கும் கை, தே தாரிக் டீயை இழுத்து ஆற்றும் கை, சும்மா இருக்கும் கை. பெட்டியோடு படமும் வெள்ளிக்கிழமை லாரி ஏறிவிடும். நான் எடுத்த கைப்பேசிப் படங்களைப் பார்த்து மடிப்பக்கா ஒரு நிமிடம் எதையும் மடிக்காமல் இருந்தார். இதழ் முழுவதும் சேகர் அண்ணே வரைந்த கைகள்தான் என்று அப்போதே முடிவாயிற்று.

அவர் மனைவி லெட்சுமி அக்கா அவரைப் "பெட்டியில கிறுக்குற ஆளு" என்றுதான் அறிமுகப்படுத்துவாராம். புருஷனுடைய ஒரு படத்தையும் அக்கா பார்த்ததில்லை. முதல்முறையாகச் சனிக்கிழமை பார்க்க வருகிறார். சேகர் அண்ணே புதுச் சட்டை எடுத்துவிட்டார். அந்த இதழைத்தான் நான் கெடுத்து வைத்திருந்தேன்.

அந்த இயந்திரம் ஒரு பக்கம்தான் அடிக்கும். மை காய்ந்ததும் தாள்கட்டைத் திருப்பி வைத்து மறுபக்கம் அடிக்க வேண்டும். எந்த விளிம்பைப் பிடித்துத் திருப்புவது என்று பதினான்கு வரிச் செக்லிஸ்ட் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தேன். அன்று சுவரில் அது இல்லை. மடிப்பக்கா மடித்திருந்தார். மனப்பாடம்தானே என்று நானாகத் திருப்பினேன். புத்தகத்தைத் திறந்தால் ஒரு கை நேராக இருந்தது, எதிர்ப்பக்கத்துக் கை தலைகீழாகத் தொங்கியது.

வெட்டி ஒட்டலாமா, கண்காட்சிக்கே போகாமல் இருந்துவிடலாமா என்று நான் வழிகளை எழுத ஆரம்பித்தேன்.

"பேனாவ வை தங்கச்சி. மொதல்ல சேகர்கிட்ட காட்டணும். கை அவரோடது."

வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடியும் நேரம், தொழிற்சாலை வாசலில் என் காரின் முன்மூடிமேல் பிரதியை விரித்து வைத்தோம். சேகர் அண்ணே முதல் பக்கத்தைப் பார்த்தார். எதிர்ப்பக்கத்தைப் பார்த்தார். காரைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தார். தாளைப் புரட்டிவிட்டுத் திரும்ப இந்தப் பக்கம் வந்தார்.

"அண்ணே, புக்க திருப்பினா போதுமே, ஏன் சுத்துறீங்க?" என்றேன்.

"பெட்டி அம்பது கிலோ இருக்கும்மா, யாரு திருப்புறது? நாமதான் சுத்தி வரணும். பழக்கமாப் போச்சு லா." பிறகு தயங்கி, "ஏன், இது தப்பா அடிச்சிட்டீங்களா?" என்றார்.

"ஆமாண்ணே, தப்புதான்" என்றார் மடிப்பக்கா. "வேணாம்னா நாளைக்கு வைக்கல."

சேகர் அண்ணே இன்னொரு சுற்றுப் போய்வந்து, "வைங்க" என்றார்.

சனிக்கிழமை எல்லாருடைய மேசையும் சுவரோரம் இருந்தது. மடிப்பக்கா தன் மேசையை மண்டபத்தின் நடுவுக்கு இழுத்தார். ஏற்பாட்டாளர் ஓடிவந்து, "அக்கா, வழிய மறைக்குது!" என்றார். "மறைக்கல தம்பி, இதுதான் வழி." நான்கு பிரதிகளை மேசையோடு நூலால் இறுக்கிக் கட்டினார். புத்தகம் அசையாது, வாசகர்தான் நடக்க வேண்டும். பதினொரு மணிக்குள் பத்துப் பதினைந்து பேர் ஒருவர் பின் ஒருவராகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். இயந்திரங்களைச் சோதிப்பதுதான் என் வேலை. ஒரு பழுது இப்படி வேலை செய்து நான் பார்த்ததே இல்லை.

லெட்சுமி அக்கா கைப்பையை இடுக்கிக்கொண்டு வந்தார். முதல் சுற்றில், "என்னா இது, கோயிலு மாதிரி" என்றார். இரண்டாவதில் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். மூன்றாவதில் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டார். வெங்காயம் உரிக்கும் ஒரு கை, மோதிர விரலில் பழைய தீக்காயத் தழும்போடு. அவர் தன் கையைப் பார்த்தார். புருஷனைப் பார்த்தார்.

"இத எப்ப பாத்தீங்க?"

"தினமும்தான்" என்றார் சேகர் அண்ணே.

மடிப்பக்கா நூலை அறுத்து அந்தப் பிரதியை லெட்சுமி அக்காவிடம் கொடுத்துவிட்டு, தன் கண்ணைத் துடைக்க ஒரு டிஷ்யூவை எடுத்தார். அதை மடிக்கவில்லை.

இன்றைய நிலை: இதழில் ஒரு பிரதியும் மிச்சமில்லை. சேகர் அண்ணே இப்போதும் பெட்டிகளில்தான் வரைகிறார். சிம்பாங் அம்பாட்டில் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை, அந்தப் பிரதியோடு, சுவரை விட்டு நடுவுக்கு வந்துவிட்டது.