மூட்டையோடு நிற்பது வேலையா?

அன்பு மாப்பிள்ளைக்கு மாமனார் எழுதுவது. என் இடுப்பு நீங்கலாக இங்கே எல்லோரும் சுகம். மகளையும் பேத்தியையும் கேட்டதாகச் சொல்லவும்.

போன தடவை வந்தபோது, "மாமா, இயற்பியலுக்குப் பெரிய கணக்கெல்லாம் வேண்டாம், யோசிச்சாலே புரிஞ்சிடும்" என்று ஆரம்பித்து, ஒரு கனத்தை எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டு நின்றாலும் அது நகராதவரை அதன் மேல் 'வேலை' நடக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். நேற்று நம் கடைக்குச் சிமென்ட் லாரி வந்தது, கிடங்கு ஷட்டர் பாதியில் சிக்கியது, சுமைகாரர்கள் ஆளுக்கொரு மூட்டையோடு நிற்க, வானம் கறுத்துக்கொண்டு வர, என் வாய் சும்மா இருக்கவில்லை. "இப்ப நீங்க யாரும் வேலையே செய்யலை, தெரியுமா?" என்று கேட்டுவிட்டேன். அவர்களின் தலைவரை 'மலை' என்பார்கள். அவர் மூட்டையை நடுத்தெருவில் இறக்கினார். "தலையில இருந்தாலும் வேலை இல்ல, தரையில கிடந்தாலும் வேலை இல்ல. அப்போ தரையிலயே கிடக்கட்டும் மொதலாளி!" மற்றவர்களும் இறக்கி, அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஷட்டர் திறந்தும் ஒருவரும் எழவில்லை. மழை வந்தால் அத்தனை மூட்டையும் கல்லாகிவிடும்.

"நீங்க ஒண்ணைத் தூக்கிட்டு சும்மா நில்லுங்க, பார்ப்போம்" என்றார் மலை. வீராப்பில் தூக்கினேன். மூட்டை நகரவில்லை, ஆனால் எனக்கு வேர்வை கொட்டுகிறது. ஒரு மேசை மேல் வைத்தால் அதுவும் நாளெல்லாம் மூட்டையைத் தாங்கும், அதற்கு ஏன் வேர்ப்பதில்லை? அப்போதுதான் கவனித்தேன், என் கை வெடவெடவென்று நடுங்குகிறது. சதை தளர்கிறது, மறுபடி இழுத்துப் பிடிக்கிறது, திரும்பவும் தளர்கிறது. மேசைக்கு அந்தத் தொல்லை இல்லை. "கண்டுபிடிச்சிட்டேன்! வேலை மூட்டைக்கு நடக்கலை, உடம்புக்குள்ள நடக்குது!" என்று கத்தினேன். "அதைத்தான் நாங்க வலின்னு சொல்றோம்" என்றார் மலை. சிரித்துக்கொண்டே எல்லோரும் எழுந்தார்கள். மூட்டைகள் தப்பின, என் இடுப்புதான் தப்பவில்லை. உங்கள் அத்தை தைலத்தைத் தேய்த்தபடி, "மாப்பிள்ளை வாத்தியார், சரி. உங்களுக்கு எதுக்கு இதெல்லாம்?" என்றாள். நியாயம்தான். இனி இயற்பியல் என் கடைப்பக்கமே வரக்கூடாது.

எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருங்கள்.

இப்படிக்கு,
மாமா

பி.கு.: மூட்டையின் கனம் கீழ்நோக்கி, நடையோ முன்னோக்கி. அப்படியானால் சமதரையில் ஒரே சீராக எவ்வளவு தூரம் சுமந்து போனாலும் மூட்டை மேல் வேலை இல்லை என்றுதானே வருகிறது? உடனே கிளம்பி வாருங்கள். நாளை அடுத்த லாரி. மலையிடம் இதைக் கேட்காமல் என்னால் இருக்க முடியாது.