வள்ளத்தை மூழ்கடித்த ஓடாவி

பாம்பன் கரையில் கிடக்கும் வள்ளங்களில் பாதிக்கு வைத்தியம் பார்த்தவர் ஒருவார ஓடாவி. அவற்றின் சொந்தக்காரர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ரத்தக்கொதிப்பை வரவழைத்தவரும் அவரே. வள்ளம் செய்கிற, பழுது பார்க்கிற தச்சரை எங்கள் பக்கம் ஓடாவி என்போம். எப்போது முடியும் என்று யார் கேட்டாலும் "ஒரு வாரம்" என்பார். அதனால் அந்தப் பெயர்.

என் வீட்டுக்காரர் மண்டபத்திலிருந்து ஒரு பழைய மரவள்ளத்தை வாங்கி வந்தார். மூன்று வருஷம் வெயிலில் காய்ந்தது. இந்தப் பக்கம் நின்றால் பலகை இடுக்கு வழியே அந்தப் பக்கம் போகிற ஆடு தெரியும். மீன்பிடித் தடைக்காலம் தொடங்குவதற்குள் அதைக் கடலில் இறக்கியாக வேண்டும். அந்த இரண்டு மாதமும் விசைப்படகுகள் போகாது. எங்களைப் போன்ற சின்ன வள்ளக்காரர்களின் மீனுக்குத்தான் கிராக்கி. அதை விட்டால் வருஷம் முழுக்கத் திண்டாட்டம்தான்.

ஓடாவி வந்தார். முதல் நாள் உளியைத் தொடவே இல்லை. சுத்தியலால் தட்டித் தட்டி, காதை வைத்துக் கேட்டபடி சுற்றிச் சுற்றி வந்தார். நான் வாயைத் திறந்தால், "செத்த சும்மா இரு தங்கச்சி, பலகை பேசுறது கேக்கல" என்றார். மறுநாள் ஏழு பலகையைக் கழற்றிப் போட்டுவிட்டு, யாருக்கோ காதுகுத்து என்று பரமக்குடி போய்விட்டார். திரும்பி வந்து புதுப்பலகை அடித்து, இடுக்கெல்லாம் பஞ்சைத் திணித்து, குங்கிலியம் காய்ச்சிப் பூசினார். ஒரு விரற்கடை சரியில்லை என்று முழுவதையும் சுரண்டி எறிந்தார். என் வீட்டுக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

தடைக்காலத்துக்கு நான்கு நாள் இருக்கையில், காலையில் கரைக்குப் போனால், வள்ளம் கரையோரத் தண்ணீரில் விளிம்பு வரை நிறைந்து முங்கிக் கிடக்கிறது. "அந்தோணியாரே!" என்று நான் போட்ட கூப்பாட்டில் தெருவே வாளியும் சட்டியுமாக ஓடி வந்தது. ஒரு மணி நேரம் இறைத்தோம். முக்கால்வாசி வற்றியபோது ஓடாவி டீ குடித்துவிட்டு நிதானமாக வந்தார். என் கையிலிருந்த வாளியைப் பிடுங்கி, கடலில் மொண்டு வள்ளத்துக்குள் ஊற்ற ஆரம்பித்தார்!

"கிறுக்கு புடிச்சிருச்சாண்ணே உங்களுக்கு?"

"எனக்கா, ஒனக்கா? காஞ்ச மரம் ஊறி உப்புனாத்தான் இடுக்கு அடையும். நாந்தான் கல்லை ஏத்தி முக்கி வச்சேன். ஊறப்போட்ட உளுந்தைப் பாதியில எடுத்து ஆட்டுவியா நீ?"

"சொல்லிட்டுச் செஞ்சா என்ன?"

"நீ கேக்கலையே."

மூன்றாம் நாள் இறைத்துப் பார்த்தோம். அதற்குப்பின் ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. எஞ்சினையும் ஏற்றியாயிற்று. ஆனால் கூடப் போக வேண்டிய சேவியரும் அவன் தம்பியும் கரையை விட்டு அசையவில்லை. "முங்குன வள்ளம்ணே. நாங்க ஏற மாட்டோம்" என்றான் சேவியர். ஆள் இல்லாமல் எப்படித் தொழிலுக்குப் போவது? என் வீட்டுக்காரர் கெஞ்சிப் பார்த்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஓடாவி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வள்ளத்தில் ஏறினார். "எடுப்பா, ஒரு சுத்து போயிட்டு வருவோம்" என்றார் என் வீட்டுக்காரரிடம்.

ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பினார்கள். வள்ளத்தில் ஒரு குறையும் இல்லை. ஓடாவிதான் நிற்க முடியாமல் துவண்டு கிடந்தார். அலை என்றாலே அவருக்குக் குடலைப் புரட்டுமாம். இத்தனை வயதில் கடலுக்குள் போனது அன்றுதான் முதல்முறையாம். சேவியர் அவரைக் கைத்தாங்கலாக இறக்கிவிட்டு, தம்பியைக் கூட்டிக்கொண்டு தானே வள்ளத்தில் ஏறிக்கொண்டான்.

ஓடாவியின் சட்டையெல்லாம் வாந்தி. "வேணாம் தங்கச்சி, நான் அலசிக்கிறேன்" என்று கூச்சப்பட்டார். நான் விடவில்லை. கூடப்பிறந்த அண்ணனுக்குச் செய்வதுபோல, சோப்புப் போட்டு நானே துவைத்துக் கொடியில் காயப்போட்டேன்.