அவன் விற்பனைக்கு

“ஏலம்னு போட்டிருந்துச்சு, எடுத்தேன். முதல் தர மலை ஏலம்னு கொட்டை எழுத்துல போட்டிருந்துச்சு, நம்பி எடுத்தேன். பார்சலைப் பிரிச்சா உள்ள டம்ளர் கெடக்கு. ஏங்க, டம்ளரைப் போட்டா நான் பஞ்சாமிர்தம் கிண்டுறது?”

ஃபோனை ஸ்பீக்கரில் போட்டது நான்தான். சண்டை என்றால் முழுசாகக் கேட்க வேண்டும், பாதி கேட்டால் எனக்குத் தூக்கம் வராது. பேசியவர் பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருக்கும் குமரகுரு. பதில் சொல்ல வேண்டியவர் என் கணவர் அருள்மணி. அவர் சுவரைப் பார்த்தார். சுவர் உதவவில்லை.

“அது ஆப்போட பேருங்க. ‘மலை ஏலம்’. ஏலம் விடுறோம்ல, அந்த ஏலம்.”

“எங்க ஊர்ல ஏலம்னா வாசனை வரணும் சார்.”

“படம் போட்டிருந்தேனே, பாக்கலையா?”

“பாத்தேன். வெள்ளையா புகை மாதிரி இருந்துச்சு. சரி, ஏலக்காயைச் சூடு காட்டிக் காய வைக்கிறாங்க போலன்னு நெனச்சேன்.”

“டம்ளரும் நல்ல டம்ளர்தாங்க...”

“ஒன்னுக்கு விளிம்பு இல்ல. ஒன்னுக்கு அடியே இல்ல. அடியில்லாத டம்ளர்ல என்னத்த சார் குடிக்கிறது? அதுலயும் மேல்மலை மைனர்னு ஒருத்தரு எனக்கு எதிரா விடாம ஏத்திக்கிட்டே இருந்தாரு. பெரிய ஏலக்காய் வியாபாரி போலன்னு நானும் விடல. நீங்க வச்சிருக்கறது ஆப் இல்ல சார், ஆப்பு. அடிவாரம் பூரா சொல்லிப்புடுவேன், ஒரு பய தொட மாட்டான்!”

வைத்துவிட்டார்.

இவரைப் பற்றி ஒரு வார்த்தை. கொடைக்கானலில் ஒரு ஹோட்டல் ரிசப்ஷனில் உட்கார்ந்து ரிட்டயர் ஆனவர். “ரூம்ல இருந்து ஏரி தெரியுமா சார்?” என்று கேட்டால், “ஓ, தெரியுமே” என்பார். தெரியும்தான். பாத்ரூமில் ஸ்டூல் போட்டு ஏறி, வென்டிலேட்டர் வழியாகக் கழுத்தை நீட்டினால் தெரியும். அந்த அனுபவத்தை வீணாக்கக் கூடாது என்று திண்டுக்கல்லில் ஒரு கம்பெனியைப் பிடித்து இந்த ஆப்பைச் செய்ய வைத்தார். மன்னவனூரிலிருந்து ஆடலூர் வரைக்கும் மலைக்காரர்கள் தங்கள் பழைய சாமான்களை இதில் போடுவார்கள். வேண்டியவர்கள் விலை ஏற்றிக் கேட்பார்கள். கூடக் கேட்டவருக்குப் பொருள்.

ஆரம்பத்தில் நன்றாகத்தான் போனது. பிறகுதான் இவருக்கு ஒரு ஞானம் பிறந்தது. பொருளைப் பனிமூட்டத்தில் வைத்துப் படம் எடுத்தால் கீறல் தெரியாது. மூட்டத்துக்கு இந்த ஊரில் பஞ்சமா? அரைமணி நேரம் காத்திருந்தால் வாசலுக்கே வரும். விற்க வந்தவர்களுக்கெல்லாம் இலவசமாகப் படம் எடுத்துத் தந்தார். மன்னவனூர் மணியன், ஹீட்டர் என்று நினைத்து ஒன்றை ஏலம் எடுத்தார். வந்தது டேபிள் ஃபேன். மன்னவனூர் குளிருக்கு ஃபேன்! பக்கத்து வீட்டு டெனிஸ் ஒரு கண்ணாடி எடுத்தார். சட்டம் மட்டும் வந்தது. “கண்ணாடி எங்கே?” என்று கேட்டதற்கு, “அவ்வளவு சுத்தமான கண்ணாடி, இருக்கறதே தெரியாது” என்று இவர் சொன்னதாகக் கேள்வி.

இது போதாதென்று அந்த மேல்மலை மைனர். யார் என்ன பொருள் கேட்டாலும் குறுக்கே வந்து விலையை ஏற்றிவிட்டுக் கடைசி நேரத்தில் காணாமல் போகும் மாயாவி. ஊரே அவரைத் தேடியது. நான் தேடவில்லை. எங்கள் வீட்டில் கரண்ட் போனால் மைனரும் போய்விடுவார். கரண்ட் வந்ததும் வந்துவிடுவார். இதற்கு மேல் எனக்கு என்ன சாட்சி வேண்டும்?

குமரகுருவுக்குப் பணம் திரும்பப் போனது. ஆனால் ஆப்பில் ஈ எறும்பு இல்லை. இரண்டு நாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு அலைந்த மனிதர், மூன்றாம் நாள் காலை காபி டம்ளரை மைக் மாதிரி பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

“செலினா, முடிவு பண்ணிட்டேன். நம்பிக்கை மீட்பு இயக்கம்!”

“காபி சிந்துது.”

“இழந்த நம்பிக்கையை எப்படி மீட்கறது? அதுதான் இன்னிக்குக் கேள்வி.”

“ரொம்பச் சுலபம். மொதல்ல, படத்தை வெயில்ல எடுங்க.”

“ம்.”

“ரெண்டாவது, ஜெயிச்சவர் ஞாயித்துக்கிழமை சந்தையில எல்லாருக்கும் முன்னால வந்து, மூஞ்சியக் காட்டி, சொந்தப் பேரைச் சொல்லிப் பொருளை வாங்கணும்.”

இருமல் வந்தது அவருக்கு. “அது... பாக்கலாம்.”

“மூணாவதுதான் முக்கியம். பொருள்ல என்ன குறைன்னு விக்கிறவர் எழுதக் கூடாது. அவங்க வீட்டுல இருக்கற இன்னொரு ஆள் எழுதணும். புருஷன் வித்தா பொண்டாட்டி. பொண்டாட்டி வித்தா புருஷன்.”

“எதுக்கு?”

“உங்க குறை உங்களுக்குத் தெரியுமா?”

“எனக்கு என்ன குறை?”

“பாத்தீங்களா, அதுக்குத்தான்.”

மறுநாளே ஆப்பில் மூன்று விதிகளும் வந்துவிட்டன, ‘நிறுவனர் அருள்மணியின் சிந்தனையில் உதித்தவை’ என்று. எனக்கு அதில் வருத்தமில்லை. நல்ல யோசனை யார் வாயிலிருந்து வந்தால் என்ன, என் வாயிலிருந்து வந்தது என்று நாலு பேருக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

அதற்கப்புறம்தான் வேடிக்கை. டெனிஸ் தன் சைக்கிளை விற்பனைக்குப் போட்டார். அவர் மனைவி ஜெயப்பிரியா குறை எழுதினாள்: ‘பிரேக் பிடிக்காது. பிடிக்காது என்பது இறக்கத்தில்தான் தெரியும். சந்தேகம் இருப்பவர்களுக்கு இவர் முழங்கால் காட்டப்படும்.’ மணியன் ஒரு கம்பளிச் சட்டை போட்டார். அவர் வீட்டம்மா எழுதினார்: ‘புதுசு மாதிரி இருக்கும். நான் பின்னிக் கொடுத்து ஒருநாள் கூடப் போடவில்லை.’ அது அவருக்கு விழுந்த அடி. சட்டைக்கோ போட்டி போட்டுக்கொண்டு கேட்டார்கள். பொருள் வாங்க வராதவர்கள் கூடக் குறை படிக்க வந்தார்கள். உள்ளதை உள்ளபடி சொன்னால் ஜனங்கள் ஓடிப் போவார்கள் என்று இவர் இத்தனை வருஷம் நினைத்திருந்தார். ஓடிப் போகவில்லை, கூட்டமாக உட்கார்ந்துவிட்டார்கள்.

குமரகுருவே ஃபோன் பண்ணினார். “நல்லாத்தான் இருக்கு சார். ஆனா நம்ப மாட்டேன். ஞாயித்துக்கிழமை நேர்ல வர்றேன். அந்த மைனர் ஆட்டம் இன்னும் நடக்குதான்னு பாப்பேன். இல்லைன்னா சரி, நானே அடிவாரத்துக் கடைக்காரங்க எல்லாரையும் சேத்து விடுறேன். இருந்துச்சுன்னா, அதோட முடிஞ்சுது.”

“வாங்க வாங்க. பொருளைக் குடுக்கறதுக்குப் பேர் கூப்பிடறதே நீங்கதான்!” என்று தாராளமாகச் சொல்லிவிட்டார் இவர்.

அத்தோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. அன்று சாயங்காலம் சமையலறைக்குள் வந்து நின்றார். சமையலறைக்குள் இவர் வந்தால் ஒன்று பசி, இல்லை சதி.

“செலினா, நிறுவனர் முன்மாதிரியா இருக்கணும். நம்ம வீட்டுப் பொருள் ஒன்னை ஏலத்துல போடணும்.”

“போடுங்க.”

“அவனை வித்துடலாம்.”

“எவனை?”

“அவன். கேக் சுடுற அவன்.”

என் அவன்! கிறிஸ்துமஸுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். எங்கள் தெருவில் பாதி வீட்டுக்கும், நான் படித்த கான்வென்ட்டுக்கும், ஆடலூர் சண்முகசுந்தரி வீட்டுக்கும் பிளம் கேக் நான்தான். பழம் எல்லாம் ஊறிக் கிடக்கிறது. அந்த அடுப்பின் எந்த மூலையில் சூடு கூடும், எங்கே குறையும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். புதுசு வாங்கி, அதன் குணத்தைப் படித்து முடிப்பதற்குள் ஈஸ்டர் வந்துவிடும்.

“உங்க பைனாகுலரை விக்கலாமே.”

“அது பறவை பாக்கறதுக்கு.”

“எந்தப் பறவை?”

“இன்னும் வரல.”

“சாய்வு நாற்காலி?”

“அதுலதான் நான் யோசிக்கிறேன்.”

“அப்ப கண்டிப்பா விக்கலாம்.”

“அவன் ரொம்பப் பழசு செலினா. கரண்ட் தின்னுது. வித்துட்டு அடுத்த வருஷம் நல்லதா ஒன்னு வாங்கித் தர்றேன்.”

அடுத்த வருஷம் என்பது ஏரி தெரியும் என்பது மாதிரி. நான் வாதாடவில்லை. வாதாடி ஜெயித்தால் இவர் நாலு நாள் சாப்பிட மாட்டார், அப்புறம் எட்டு நாளுக்குச் சேர்த்துச் சாப்பிடுவார். “சரி, போடுங்க” என்றேன். இவ்வளவு சீக்கிரம் சரி சொன்னால் சந்தேகப்பட வேண்டாமா ஒரு மனிதர்? படவில்லை.

வெயில் வரும்வரை காத்திருக்கவும் பொறுமை இல்லை. அடுப்பை வாசலுக்கு இழுத்து, மூட்டத்திலேயே படம் எடுத்துப் போட்டார். நடுவில் சதுரமாக ஒரு நிழல். அவ்வளவுதான். தலைப்பு: ‘அவன்’. குறை எழுதும் கட்டம் மட்டும் காலியாக இருந்தது. விதிப்படி அது என்னுடையது.

கான்வென்ட்டில் பெரிய பத்தியைச் சுருக்கி எழுதச் சொல்லி சிஸ்டர் எங்களை வதைப்பார். பரிசு எனக்குத்தான் வரும். அது எதற்கு உதவும் என்று அன்றைக்குத் தெரியவில்லை. உட்கார்ந்து எழுதினேன்.

‘அவன். எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து உபயோகத்தில். வெள்ளனே சூடாகாது, சூடானால் லேசில் ஆறாது. உள்ளே என்ன போட்டாலும் போய்விடும், வெளியே ஒன்றும் வராது. சத்தம் வரும், சோலி நடக்காது. வைத்த இடத்திலேயே கிடக்கும். ஞாயிறு காலை மட்டும் சர்ச் வரை நகரும், பிரசங்கத்தின்போது அணைந்துவிடும். கேரண்டி கொடுத்தவர்கள் இப்போது ஊரில் இல்லை. பழகிவிட்டால் விட மனசு வராது. அதுவும் ஒரு குறைதான்.’

நிழல் படத்தை மறுபடி பார்த்தேன். பொருத்தமாகத்தான் இருந்தது. இவரும் கொஞ்சம் சதுரம்தான்.

நான் எழுதியதை இவர் படித்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். இந்த மனிதர் நான் எழுதிய மளிகைச் சிட்டையைக் கூட இதுவரை முழுசாகப் படித்ததில்லை. சீரகம் என்றால் சோம்பு வரும்.

ஊர் படித்தது. கேள்விக் கட்டத்தில் சண்முகசுந்தரி கேட்டாள்: ‘அக்கா, எனக்கு மிளகு பறிக்க ஆள் வேணும். மூட்டை தூக்குமா?’

‘தூக்காது. மூட்டை மேல உக்காரும்.’

ஜெயப்பிரியா கேட்டாள்: ‘கழுவி வைக்குமா?’

‘கழுவுற மீன்ல நழுவும்.’

‘திருப்பி எடுத்துக்குவீங்களா?’

‘யோசிக்கணும்.’

ஆளாளுக்கு விலை ஏற்ற ஆரம்பித்தார்கள். இவருக்குத் தலைகால் புரியவில்லை. “பாத்தியா செலினா, உன் பழைய அவனுக்கு என்ன கிராக்கின்னு!”

“எனக்கே ஆச்சரியமாத்தான் இருக்குங்க.”

“இன்னும் கொஞ்சம் தட்டினா ஏறும் போல இருக்கே” என்று முனகிக்கொண்டே சாய்வு நாற்காலியில் போய் விழுந்தார். மூச்சை அடக்கிக்கொண்டு ஃபோனைத் தட்டினார். சிறிது நேரத்தில் சண்முகசுந்தரி எனக்கு ஃபோன் பண்ணினாள்.

“அக்கா, யாரோ மேல்மலை மைனராம். ஏத்திக்கிட்டே போறாரு.”

“ஏத்தட்டும். இன்னும் ஒரு தடவை மட்டும் நீ ஏத்து.”

“ஏத்திட்டேன். அவரும் ஏத்திட்டாரு.”

“இப்ப நிறுத்து. ஜெயப்பிரியாகிட்டயும் வெரசா சொல்லிரு, யாரும் கேக்க வேணாம்.”

ஏலம் முடிந்தது. நாற்காலிப் பக்கமிருந்து பஸ் டயரில் காற்று இறங்கின மாதிரி ஒரு சத்தம் வந்தது.

“என்னங்க?”

“ஒன்னுமில்ல. எவனோ ஜெயிச்சுட்டான்.”

“நல்லதாப் போச்சு. நாளைக்குச் சந்தையில பாத்துரலாம்.”

ராத்திரி பூராவும் புரண்டார். மைனர் வரவில்லை என்று சொல்லிச் சமாளித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருப்பார். நான் நன்றாகத் தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் பளிச்சென்று அடித்தது. சர்ச் முடிந்து சந்தைக்குப் போனோம். கேரட், பூண்டு, முள்ளங்கிக் குவியலுக்கு நடுவில் ஒரு மேசை போட்டிருந்தார்கள். குமரகுரு வேட்டி சட்டையில், கையில் அந்த அடியில்லாத டம்ளரோடு வந்திருந்தார், அத்தாட்சிக்கு. சைக்கிள் போனது. கம்பளிச் சட்டை போனது. வாங்கியவர்கள் முகத்தைக் காட்டி, பேரைச் சொல்லி, கை கொடுத்துவிட்டுப் போனார்கள். குமரகுருவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்தது.

“அடுத்தது, அவன்!” என்றார். குறையை உரக்கப் படித்தார். ‘சத்தம் வரும், சோலி நடக்காது’ என்ற இடத்திலேயே மணியன் கேரட் மூட்டை மேல் விழுந்து சிரித்தார். ‘பிரசங்கத்தின்போது அணைந்துவிடும்’ என்றபோது, சற்று முன் அதே பிரசங்கத்தைக் கேட்டு வந்த பாதிக் கூட்டம் திரும்பி இவரைப் பார்த்தது.

அப்போதுதான் இவர் முதன்முறையாக நான் எழுதிய ஒன்றை முழுசாகக் கேட்டார்.

“செலினா... அவன்னு நீ எழுதினது...”

“தலைப்பு நீங்க போட்டது. நிழலும் நீங்க எடுத்தது. நான் குறை மட்டும்தான் எழுதினேன்.”

“அப்ப, அடுப்பு?”

“அது எங்கயும் போகாது. மதியத்துக்குள்ள மொதல் கேக் அதுல வைக்கணும்.”

குமரகுரு டம்ளரை மேசை மேல் தட்டினார். “ஜெயிச்சவரு, மேல்மலை மைனர்! இந்த ஆளைப் பாக்கத்தான் பஸ் ஏறி வந்திருக்கேன். முன்னால வாங்க சார்!”

சந்தையே கழுத்தை நீட்டித் தேடியது. இவர் ஒரு கேரட்டைக் கையில் எடுத்து, அதில் ஏதோ எழுதியிருப்பதைப் போல உற்றுப் பார்த்தார்.

“மைனர் சார்! நீங்க ஒருத்தர் வந்து ஒத்துக்கிட்டீங்கன்னா போதும், நான் இந்த ஆப்பை நம்பிருவேன். எங்க அடிவாரமே நம்பிரும். மறைஞ்சா மட்டும் நம்ப மாட்டேன்.”

பாவமாகத்தான் இருந்தது. நல்ல வெயில் வேறு, முகத்தில் ஒவ்வொரு சுருக்கமும் தெளிவாகத் தெரிந்தது. மூட்டம் இருக்கிறதா என்று மனிதர் வானத்தை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். இல்லை. நான் மெல்ல முழங்கையால் இடித்தேன்.

“ஏங்க, அவன், மைனர் ரெண்டு பேரையும் கூப்பிடுறாங்கள்ல? வெரசா போயி, உங்களை நீங்களே வாங்கிட்டு வாங்களேன்.”