பத்துத் தடவை சபாஷ்

சிவமயம்
சைகோன்

தேவகோட்டை மைத்துனர் சாத்தப்பன் அவர்கள் சமூகத்துக்கு, கரியமாணிக்கம் சொல்லச் சொல்ல உங்கள் தங்கை நாகம்மை எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் இருவரும் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? நலம் விசாரித்தாயிற்று, இனிச் சண்டை.

"கண்ணு போனவருக்கு அந்த ஊர்ல என்ன வேலை" என்று நீங்களாகவே எனக்கு விமான டிக்கெட் எடுத்திருக்கிறீர்கள். அதைக் கேன்சல் செய்யுங்கள். யார் கையையும் பிடிக்காமல் தினமும் காலையில் மாரியம்மன் கோயிலுக்கு நடந்து போய் விளக்கேற்றுவது என்று முடிவு கட்டி, கண் தெரியாதவர்களுக்கு வழிகாட்டி நாய் பழக்கித் தரும் பள்ளிக்கு எழுதிப் போட்டேன். லேசில் தருவார்களா? பெண் பார்ப்பதே தேவலாம். என் உயரம், நடை வேகம், வீட்டுப் படி, கோபம் எல்லாம் குறித்துக்கொண்டு, எனக்குப் பொருந்துவது மீத் என்கிற ஒரே நாய்தான் என்றார் பயிற்சியாளர் துவான். அதைத் தொடக்கூட விடாமல் முதலில் அவரே நாயானார். நாய்க்கு மாட்டும் கைப்பிடியின் ஒரு முனையைப் பிடித்து அவர் முன்னால் நடக்க, மறுமுனையோடு நான் பின்னால் போக, பென்-தான் சந்தைக் கடைக்காரிகள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. மோட்டார் பைக் நடைபாதையில் ஏறினால் அவர் நிற்பார். நான் "ஏன்யா நிக்கிற, நட" என்பேன். நின்றதற்கு "யோய் லாம்" என்று, அதாவது சபாஷ் என்று, மனசாரச் சொல்ல வேண்டுமாம்! சொன்னேன். "ஐயா, இது பாராட்டு மாதிரி இல்ல, வாடகைக்காரனை விரட்டற மாதிரி இருக்கு. நாய் இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் வேலை செய்யுது. இது வரலைன்னா மீத்தைத் தர முடியாது" என்றுவிட்டார்.

மறுநாள் துவான் நாகம்மையிடம் போனில் சொல்லியனுப்பிய வீட்டுப்பாடம் வேறு. தினம் பத்துத் தடவை வீட்டு மனுஷியைப் பாராட்டிப் பழக வேண்டுமாம்! கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் வாய்தவறிக்கூட நான் அப்படிச் சொன்னதில்லை. என்ன செய்வது, நாய் வேண்டுமே! காபி வந்ததும் "யோய் லாம்" என்றேன். உங்கள் தங்கை நெற்றியைத் தொட்டுப் பார்த்து, காய்ச்சலா என்றாள். ரசத்துக்கு ஒன்று, சட்டைப் பொத்தான் தைத்ததற்கு ஒன்று. பத்து நிறையாமல் ஒருநாள் அவள் தும்மியதற்கும் சொன்னேன். ஒன்பதாம் நாள் பருப்பு உருண்டைக் குழம்பு நிஜமாகவே நன்றாக இருந்து தொலைத்து, பதினொன்றாகிவிட்டது.

முந்தாநாள் தேர்வு. கோயில் தெரு முனையில் மீத் சட்டென்று நின்றது. "நட" என்றேன். என் முழங்காலுக்குக் குறுக்கே வந்து நின்றுகொண்டது. குச்சியால் தட்டிப் பார்த்தால், முன்னால் மூடியில்லாத சாக்கடைப் பள்ளம். மச்சான், "யோய் லாம்டா என் ராசா!" என்று நடுத்தெருவில் கத்தினேன். துவான் அங்கேயே கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை மீத் வீட்டுக்கு வருகிறது.

ஆகவே நான் இங்கேதான் இருப்பேன், நடப்பேன். திங்கள் முதல் சபாஷெல்லாம் நாய்க்கு மட்டும். மனுஷன் இளகிவிட்டான் என்று அங்கே யாரும் பேச வேண்டாம். பிள்ளைகளுக்கு என் ஆசி, பெரியவர்களுக்கு வணக்கம்.

இப்படிக்கு,
கரியமாணிக்கம்

பி.கு.: அண்ணே, இது நாகம்மை. இதை அவுகளுக்கு வாசிச்சுக் காட்டலை. துவான் வீட்டுப்பாடம் ஒண்ணும் கொடுக்கலை. தேர்வு என்னைக்குன்னு சொல்லத்தான் போன் பண்ணினாரு, பத்துத் தடவை நானாச் சேர்த்தது. இப்பத்தான், "துவான் மறுபடி கூப்பிட்டாரு, நாய் இருக்கிற வரைக்கும் இந்தப் பழக்கத்தை விடக்கூடாதாம்"னு சொன்னேன். முணுமுணுத்துக்கிட்டே சரின்னாக. மீத்துக்கு நல்ல ஆயுசு கொடுக்கணும்னு சாமிகிட்ட வேண்டிக்கோங்க அண்ணே.