அடுத்த அறை, வேறு கண்டம்

நெருப்பையும் சக்கரத்தையும் கண்டுபிடித்த பிறகு மனிதகுலம் உருப்படியாக எதையும் செய்யவில்லை என்ற குறையை அந்தப் பல்கலைக்கழகத்தின் மேலாண்மைத் துறை தீர்த்துவைத்தது. ‘மெய்நிகர் குழுத் தலைமை’ என்றொரு பாடத்தை அது தொடங்கியது. முகம் பார்க்காமலே கூடி உழைப்பது எப்படி, முகம் தெரியாதவர்களுக்குத் தலைமை தாங்குவது எப்படி என்று கற்றுத்தரும் பாடம்.

ஒரே ஓர் இடையூறு. மாணவிகள் எல்லோரும் ஒரே விடுதியில் இருந்தார்கள். ஒரே குழாயடியில் பல் துலக்கினார்கள். இவர்களுக்குத் தொலைவை எப்படிக் கற்பிப்பது? பேராசிரியர் வெகுநாள் யோசித்து, சீட்டுக் குலுக்கி ஆளுக்கொரு கண்டத்தை வழங்கினார். இனி அவரவர் கண்டத்து நேரப்படிதான் வேலையும் தூக்கமும். குழுவினர் நேரில் சந்தித்தால் மதிப்பெண் போய்விடும். சாப்பாட்டுக் கூடத்தில் எதிரெதிரே உட்கார வேண்டுமென்றால் ‘விமானப் பயண’ அனுமதி பெற வேண்டும்.

முதல் குழுவின் தலைவியை வகுப்பில் ‘ஊமைக்கோட்டான்’ என்பார்கள். அதிகம் பேசமாட்டாள். இணையக் கூட்டத்துக்கு இதைவிட வேறென்ன தகுதி வேண்டும்? அவளுக்குக் கீழே மூன்று பேர்: அடுத்த அறைத் தோழி ஒருத்தி, மாடியறை இரட்டையர் இருவர். ஒரே அறையில் இருந்த இரட்டையருக்கு வேறு வேறு கண்டங்கள் விழுந்துவிட்டதால், நடுவே போர்வையைக் கட்டிக்கொண்டு நேர்மையாகப் பிரிந்து வாழ்ந்தார்கள்.

அன்றைய கூட்டத்தில் தோழி வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகினாள். முனகல் தலைவிக்கு இரண்டு முறை கேட்டது. முதலில் சுவர் வழியாக. சற்றுப் பொறுத்து ஹெட்போன் வழியாக. இரட்டையரில் ஒருத்தி ‘விரைவில் நலம் பெறுக’ என்று அனுப்பினாள். மற்றவள் அதன் கீழே ஒரு பூவை வைத்தாள். பிறகு, பின்னணி இரைச்சல் தொந்தரவாக இருப்பதாக இருவரும் முறையிட்டார்கள். விதிப்படி தலைவி தோழியை ‘மியூட்’ செய்தாள். அதன்பின் சுவர் மட்டும் முனகியது.

கூட்டம் முடிந்ததும் தலைவி சுவரில் வாயை வைத்தாள். சுவர் வழிப் பேச்சைப் பற்றி விதிகளில் ஏதும் இல்லை. அந்த ஓட்டை அடுத்த பருவத்தில் அடைக்கப்பட்டது.

“ஏய், ரொம்ப வலிக்குதா? வரட்டுமா?”

“வந்துடாதடி. எனக்கு இப்ப ராத்திரி மூணு மணி. நான் தூங்கிட்டிருக்கேன்.”

“தூங்கறவ பேசுவாளாடி?”

“வயிறு முழிச்சிருக்கு, நான் தூங்கறேன். உள்ள வந்து தொலைக்காத. இந்தப் பேப்பர் போனா எனக்குப் பட்டமே போச்சு.”

தலைவி பேராசிரியரைத் திரையில் அழைத்தாள். எதிர்க் கட்டடத்து ஜன்னலில் அவருடைய வழுக்கை தெரிந்தது. திரையில் அவருக்குப் பின்னால் கடற்கரை தெரிந்தது. அவர் பொறுமையாகக் கேட்டார். வேறு கண்டத்தில் ஒருத்திக்கு நோவு வந்தால் நல்ல தலைவர் கதவைத் தட்டப் போவாரா என்று வினவினார்.

“பக்கத்து ரூம்தான் சார்.”

“அதாம்மா உன் பிரச்சனை. உனக்கு இன்னும் தூரம் பழகல.”

அக்கறையை எழுத்தில் தெரிவித்துவிட்டு வேலையைத் தொடரச் சொன்னார். அவள் எழுதத் தொடங்கினாள்.

அப்போது சுவர் அடங்கியது.

தலைவி மௌனத்தோடு வளர்ந்தவள். கோபத்தின் மௌனம், களைப்பின் மௌனம், சொல்ல வந்து விழுங்கியதன் மௌனம், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. இது அவற்றில் எதிலும் சேரவில்லை. செருப்புக்கூடப் போடாமல் கண்டம் விட்டுக் கண்டம் போனாள். தட்டினாள். பிறகு தோளால் இடித்துத் தாழ்ப்பாளைப் பெயர்த்தாள். தோழி நினைவில்லாமல் தரையில் கிடந்தாள்.

குடல்வால் வெடித்திருந்தது. மருத்துவமனையில் பாதி நினைவு திரும்பியவளிடம் டாக்டர், வலி எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார்.

“எந்த ஊர் டைம்ல சொல்லணும் டாக்டர்?” என்றாள். பிதற்றல் என்று அவர் குறித்துக்கொண்டார். தையல் போட்டுப் பிழைக்கவைத்தார்கள்.

துறை நீதி தவறவில்லை. கதவு உடையும் சத்தம் கேட்டும் திரையை விட்டு எழாத இரட்டையருக்குத் தனிப் பாராட்டு. நினைவில்லாதவள் சந்திப்புக்கு உடன்பட்டிருக்க முடியாது என்று பெருந்தன்மையோடு தோழியையும் தேறவைத்துவிட்டார்கள். தலைவி மட்டும் தோற்றாள். படிப்பு முடிந்ததும் சேர்வதற்காகக் கிடைத்திருந்த வேலையும் போயிற்று.

பேராசிரியரைப் பார்க்க நேரிலேயே போனாள். எதிரே ஓர் ஆள் நிற்பது பழக்கமில்லாததால் அவர் நாற்காலியைச் சற்றுப் பின்னால் நகர்த்திக்கொண்டார்.

“நான் போகாம இருந்து, அவ செத்திருந்தா சார்?”

பேராசிரியர் கோபப்படவில்லை. அவர் உண்மையிலேயே நல்ல ஆசிரியர், கேள்வியை ரசித்தார்.

“நல்ல கேள்விம்மா. அவ வேலையை மீதி மூணு பேருக்கும் பிரிச்சுக் குடுத்திருக்கணும். ஆள் போனா வேலை நிக்கக் கூடாது.”

இப்போது அது ஆண்டுதோறும் தேர்வில் வருகிறது: ‘குழு உறுப்பினர் ஒருவர் இறக்கும் தறுவாயில் இருக்கிறார். தலைவராக நீர் செய்ய வேண்டியவற்றை விவரிக்க.’ எல்லோரும் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். போய்ப் பார்ப்பேன் என்று இதுவரை ஒருத்தியும் எழுதவில்லை. தேர்ச்சி நூறு விழுக்காடு.