ஃபெர்கலின் மூலகாரணங்கள்

மூலகாரணர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் ரொட்டியைக் கடித்தால் கோதுமை முதலில் எங்கே முளைத்தது என்பார். தும்மினால், தும்மியவரை வாழ்த்தும் வழக்கம் எப்படி வந்தது என்பார். மற்ற மாதங்களில் இவர்களைத் தாங்கிக்கொள்ளலாம். அக்டோபர் கடைசியில், அதுவும் அயர்லாந்தில், முடியவே முடியாது. ஏனென்றால் ஹாலோவீன் பிறந்தது எங்கள் மண்ணில்தான். நான் சொல்லவில்லை. ஃபெர்கல் டொனெலன் சொன்னார். நூறு தடவை.

ஃபெர்கல் என் எதிர்வீட்டுக்காரர். ரோஸ்காமன் பக்கத்து மாட்டுச் சந்தையில் முப்பது வருஷம் ஏலம் கூவி ஓய்வு பெற்றவர். தொண்டை மட்டும் ஓய்வு பெறவில்லை. கடையில் யாராவது பூசணிக்காயைத் தொட்டால் போதும், "அது அமெரிக்காக்காரன் பழக்கம்மா! நம்ம ஆளுங்க டர்னிப் கிழங்கைக் குடைஞ்சுதான் விளக்கு வெச்சாங்க" என்று மறித்துக்கொள்வார். டர்னிப்பைக் குடைந்து பார்த்திருக்கிறீர்களா? கருங்கல் தேவலை. பண்டிகையின் பெயரைச் சொன்னாலோ, "அசல் பேரு சாவின்!" என்பார். செத்தவர்கள் வீடு தேடி வரும் நாளுக்குத் தமிழ்க் காதில் இதைவிடப் பொருத்தமான பெயர் விழுமா? இதைத் தெரியாத்தனமாக அவரிடமே சொன்னேன். அவர் பேசி முடிப்பதற்குள் என் அடுப்பில் பால் தீய்ந்தது.

போன வருஷம் ஒரு சூனியக்காரியும் மூன்று எலும்புக்கூடுகளும் அவர் கதவைத் தட்டின. "மிட்டாய் குடுங்க!"

"சும்மா குடுப்பாங்களா? அந்தக் காலத்துல பாடித்தான் வாங்கணும். முகமூடி ஏன் போட்டிருக்கே, தெரியுமா?"

"பயமுறுத்தத்தான்."

"தப்பு! ஆவிங்க உன்னை அடையாளம் கண்டுபிடிச்சிடக் கூடாதுன்னு."

இருபது நிமிஷம். மழை வேறு. எலும்புக்கூடுகளின் சாயம் கரைந்து வெறும் பிள்ளைகளாக நின்றார்கள்.

இந்த வருஷம் ஒருவரும் வரவில்லை. சாயங்காலம் ஐந்தரைக்கே, கிண்ணம் நிறையக் கொட்டையும் ஆப்பிளும் மிட்டாயுமாக வாசலில் நின்றார் ஃபெர்கல். பிள்ளைகள் என் வீட்டுக்கு வந்தார்கள். பிறகு அவர் வீட்டை மட்டும் தாண்டி, ஓட்டமாக அடுத்த வீட்டுக்குப் போனார்கள். அவர் ஒருமுறை கையைக்கூட ஆட்டிப் பார்த்தார். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அவர் மனைவி நூலா ஜன்னல் வழியாக இதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பின்கட்டு வழியாக வெளியே வந்து, பழைய கோட்டை மாட்டி, கண்ணுக்கு ஓட்டை போட்ட சாக்குப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, சுற்றிவந்து வாசலில் நின்றாள். வேலியோரம் நின்ற என்னைப் பார்த்து, பேசாதே என்று சைகை காட்டினாள்.

"பாட்டு?" என்றார் ஃபெர்கல், முகம் மலர்ந்து.

கரகரத்த குரலில் இரண்டு வரி பாடினாள். போதாதா? முகமூடி, நெருப்பு, டர்னிப் என்று இரண்டாயிரம் வருஷத்தையும் கொட்டிவிட்டுக் கொட்டைக்கு வந்தார்.

"காதலிக்கிற ரெண்டு பேரு, ஆளுக்கொரு கொட்டையை நெருப்போரம் வெப்பாங்க. ரெண்டும் அமைதியா எரிஞ்சா நல்ல குடும்பம். ஒண்ணு துள்ளி ஓடுச்சுன்னா அந்த ஆளும் ஓடிடுவான்."

"ஐயா, ஒரு கேள்வி."

"கேளுங்க, கேளுங்க!" அவரை யாருமே கேள்வி கேட்டதில்லை.

"உங்க கொட்டை என்னாச்சு?"

ஃபெர்கல் கிண்ணத்திலிருந்து ஒரு கொட்டையை எடுத்துப் பார்த்தார். "நாங்க... வெச்சோமா?"

நூலா சாக்கை உருவினாள். "எங்கம்மா வீட்டு அடுப்புல. உன் கொட்டை துள்ளிப்போய்ப் பூனை மேல விழுந்துச்சு, ஃபெர்கல்."

"அப்புறமுமா என்னைக் கட்டிக்கிட்டே?"

"நீதான் வெறுங்கையால அதை எடுத்து மறுபடி என் கொட்டைகிட்ட வெச்சே. விரல் பொத்துப்போச்சு. ஆனா ஒரு வார்த்தை பேசல. அதுக்காகத்தான் கட்டிக்கிட்டேன்."

ஃபெர்கல் தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கிண்ணத்தை மதில்மேல் வைத்துவிட்டு அவளோடு உள்ளே போனார். அவர் தலை மறைந்ததும் பிள்ளைகள் வந்து கிண்ணத்தைத் துடைத்து எடுத்தார்கள்.

யாரோ அயர்லாந்துக் கிழவர், நமக்கென்ன என்கிறீர்களா? செத்தவர்கள் வீடு தேடி வரும் நாள் என்று படித்ததுமே, "அட, இது நம்ம மகாளய அமாவாசையாச்சே! இங்கேயிருந்துதான் அங்கே போயிருக்கும்" என்று பக்கத்திலிருப்பவரின் தோளைத் தட்டினீர்களே. அவர் ஏதோ கேட்க வாயெடுத்தார். விட்டீர்களா?