சும்மா: முதல் நிலை

ஐந்து வயது நிரம்பிய பிள்ளைகள் அனைவருக்கும் மாலை நான்கு மணி முதல் ஆறு மணி வரை ஏதாவது ஒரு திறமை இருந்தே ஆக வேண்டும் என்று கல்வி அலுவலகம் முடிவு செய்தது. பகலில் பள்ளிக்கூடம் இருக்கிறது, இரவில் தூக்கம் இருக்கிறது; நடுவில் இந்த இரண்டு மணி நேரம் மட்டும் யாருடைய பொறுப்பிலும் இல்லாமல் கேட்பாரற்றுக் கிடக்கிறது என்பதை ஒரு குழு பதினோரு மாதம் ஆராய்ந்து கண்டுபிடித்திருந்தது. ஆகவே முதல் வகுப்பில் சேர விரும்பும் பிள்ளைகளின் பெற்றோர் படிவம் ஒன்பதைப் பூர்த்தி செய்ய வேண்டும். அதில் நான்காவது கட்டத்தின் தலைப்பு 'பாடம் சாரா ஈடுபாடு'. அது காலியாக இருந்தால் பிள்ளையே காலியாக இருப்பதாகக் கருதப்படும்.

'கருதப்படும்' என்ற சொல்லை ஓர் இளம் தாய் இரண்டு தடவை படித்தாள். கான்வென்டில் படித்தவள். அப்படி ஒரு சொல் தாளில் அச்சாகிவிட்டால், கருதுவது யார் என்று கேட்கக் கூடாது என்பது அவளுக்குத் தெரியும்.

அவளுக்கு ஒரே பெண். வீட்டில் பொடிசு என்று கூப்பிடுவார்கள். பொடிசுக்குச் சாயங்காலங்களில் பெரிய ஜோலி ஒன்றும் கிடையாது. பால்கனிக் கம்பியில் முகத்தை அழுத்தி, கன்னத்தில் கோடு விழும் வரை தெருவைப் பார்ப்பாள். சாப்பாட்டு மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்து மேசையின் அடிப்பக்கத்தோடு பேசுவாள். ஒரு செருப்பை இன்னொரு செருப்புக்கு அறிமுகம் செய்து வைப்பாள். இதில் எதற்கும் சர்டிபிகேட் கொடுப்பதாகத் தெரியவில்லை.

தாய் எதிர் ஃப்ளாட் அக்காவிடம் யோசனை கேட்கப் போனாள். அக்காவின் மகனை எல்லோரும் சாம்பியன் என்றுதான் அழைப்பார்கள். எதில் சாம்பியன் என்று இன்னும் முடிவாகவில்லை.

"அக்கா, உங்க பையன் என்னென்ன பண்றான்?"

அக்கா விரல் விட ஆரம்பித்தாள். "திங்கள் நீச்சல். செவ்வாய் செஸ். புதன் கீபோர்டு. வியாழன் கராத்தே. வெள்ளி அபாகஸ். சனி பேச்சுப் பயிற்சி."

"ஞாயிறு?"

"ஞாயிறு தியானம். பிள்ளைக்கு ரெஸ்ட் வேணாமா?"

"இதுல அவனுக்கு எது பிடிக்கும்க்கா?"

அக்கா அவளை இரக்கத்தோடு பார்த்தாள். "பிடிக்கிறதுக்கெல்லாம் அவனுக்கு ஏதுடி நேரம்?"

சாம்பியன் அப்போது கதவுச் சட்டத்தில் சாய்ந்து நின்றுகொண்டே தூங்கிக்கொண்டிருந்தான். இன்றைக்கு என்ன கிழமை என்பதை, முதுகில் எந்தப் பை தொங்குகிறது என்று தடவிப் பார்த்துத்தான் அவன் தெரிந்துகொள்வான்.

வீட்டுக்காரரிடமும் கேட்டாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். மேலும் கீழும் போய் வருகிறவர், பக்கவாட்டில் அதிகம் யோசிப்பதில்லை.

"ஏங்க, நாளைக்குக் கடைசி நாள். அந்தக் கட்டத்துல என்ன எழுதுறது?"

"நான் சின்ன வயசுல என்ன பண்ணேன்? ஒண்ணும் பண்ணல. இப்ப நல்லாத்தானே இருக்கேன்?"

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். அதை அவர் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

மறுநாள் அலுவலகத்தில் மூன்று வரிசையில் நின்றாள். மூன்றாவதுதான் சரியான வரிசை என்பது முதல் இரண்டின் கடைசியில் தெரிந்தது. கவுன்டர் எழுத்தர் தலை நிமிராமல் வேலை செய்வதில் பெயர் பெற்றவர். அவருடைய உச்சந்தலையை ஊரே அறியும். முகத்தைக் குடும்பத்தார் மட்டும் பார்த்திருக்கிறார்கள்.

"கட்டம் நாலு காலியா இருக்கே."

"இல்ல சார்... அது வந்து..."

"சாயங்காலத்துல குழந்தை என்ன பண்ணுது?"

"சும்மா இருக்கா, சார்."

பேனா ஓடியது. "சும்... மா. எத்தனை வருஷமா?"

அது ஒரு கலையே இல்லை என்று திருத்த நினைத்தாள். எழுதிக்கொண்டிருக்கும் பெரியவர்களை இடைமறிக்கக் கூடாது என்று பன்னிரண்டு வருடம் பழக்கப்பட்டவள். "பொறந்ததுலேருந்தே, சார்."

"யாருகிட்ட கத்துக்கிச்சு?"

"யாருகிட்டயும் இல்ல சார். தானா வந்துடுச்சு."

"தினமுமா, வாரத்துல ரெண்டு நாளா?"

"தினமும்தான்."

"குடும்பத்துல வேற யாருக்காவது இருக்கா?"

அவள் உண்மையைத்தான் சொன்னாள். "அவங்க அப்பாவுக்குக் கொஞ்சம் உண்டு, சார்."

"பரம்பரை," என்று எழுதி, டப்பென்று முத்திரை வைத்தார் எழுத்தர். "அடுத்தது யாரு?"

பத்து நாளில் கடிதம் வந்தது. தங்கள் மகள் பயின்றுவரும் 'சும்மா' என்னும் கலை, அங்கீகரிக்கப்பட்ட நூற்று நான்கு ஈடுபாடுகளின் பட்டியலில் காணப்படவில்லை. எனினும் அது முத்திரையிடப்பட்டுவிட்டதால், அப்படி ஒரு கலை இல்லை என்று கூறவும் இயலாத நிலை உள்ளது. எனவே அலுவலர் ஒருவர் நேரில் வந்து ஆய்வு செய்வார். அன்று குழந்தையைச் சும்மா வைத்திருக்கவும்.

அலுவலர் வந்தார். கையில் தோல் பை, பைக்குள் ஸ்டாப்வாட்ச். பொடிசு மேசைக்கு அடியில் இருந்தாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குனிந்து பார்த்தார்.

"பாப்பா, என்ன பண்றே?"

"சும்மா இருக்கேன்."

"எதுக்காக?"

"சும்மாதான்."

அலுவலரின் பேனா நின்றுவிட்டது. "கவனிச்சீங்களாம்மா? செய்யறதும் அதுவே, நோக்கமும் அதுவே! கீபோர்டு வாசிக்கிற பிள்ளையைக் கேட்டா அம்மாவுக்காகங்குது. செஸ் ஆடுற பிள்ளையைக் கேட்டா சர்டிபிகேட்டுக்குங்குது. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு பதிலை நான் கேட்டதில்ல."

"அவ சின்னப் பிள்ளை சார்..."

"அதான் ஆச்சரியம்!"

நாற்பது நிமிடம் ஸ்டாப்வாட்ச் ஓடியது. கடைசிப் பத்து நிமிடம் அலுவலரே மேசைக்கு அடியில் தலையை விட்டு, பொடிசு காட்டிய, பலகையில் சுழி மாதிரி தெரியும் ஒரு மரக்கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது ஒட்டகம் என்றாள் பொடிசு. இல்லை, ஒட்டகத்தின் மாமா என்றார் அலுவலர். பிறகு முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்து, அந்தப் பத்து நிமிடத்தை 'கள ஆய்வு' என்று குறித்துக்கொண்டார்.

சும்மா நூற்று ஐந்தாவது ஈடுபாடாக அங்கீகரிக்கப்பட்டது. பொடிசுக்கு முதல் வகுப்பில் தற்காலிக இடம் கிடைத்தது.

செய்தி பரவியதும் எதிர் ஃப்ளாட் அக்கா கதவைத் தட்டாமலே உள்ளே வந்தாள். "எவ்வளவு அழுத்தக்காரிடி நீ! தினம் என் வீட்டுக்கு வந்து என் பையன் என்ன பண்றான்னு நோண்டி நோண்டிக் கேட்டுட்டு, உன் பொண்ணை மட்டும் கமுக்கமா சும்மா வச்சிருந்திருக்கியே!"

"அக்கா, சத்தியமா அவ சும்மாதான் இருந்தா!"

"தெரியுதே! அதான் ஊரே பேசுதே!"

அடுத்த மாதமே தையல் கடைக்கு மேல்மாடியில் போர்டு மாட்டினார்கள். 'சும்மா பயிற்சி மையம். முதல் நிலை: சும்மா. இரண்டாம் நிலை: சும்மா சும்மா.' அதற்குக் கீழே சின்ன எழுத்தில்: 'வகுப்புகள் சும்மா அல்ல. கட்டணம் உண்டு.' முந்தின வாரம் வரை அதே மாடியில் அபாகஸ் கற்றுக்கொடுத்த மிஸ்தான் இதற்கும் மிஸ். மூன்று நாள் முகாமுக்குப் போய்ப் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். சாம்பல் நிறச் சட்டை, சாம்பல் நிறப் பாய், மூடி வைத்த தண்ணீர் பாட்டில். வீட்டுப்பாடமும் இருந்தது: தினமும் அரை மணி நேரம் சும்மா இருந்து, டைரியில் பெற்றோர் கையெழுத்து வாங்கி வர வேண்டும்.

சாம்பியனின் கால அட்டவணையில் செவ்வாய்க்கிழமை செஸ்ஸுக்கும் பள்ளி வீட்டுப்பாடத்துக்கும் நடுவே ஐந்து பத்து முதல் ஐந்து நாற்பது வரை இடம் கண்டுபிடித்தார்கள். சும்மாவுக்கு நேரமாகிவிட்டது என்று அக்கா அவனைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு ஓடுவதைத் தெருவே பார்த்தது.

லிஃப்ட் மெக்கானிக்குக்கு மட்டும் மனசு ஆறவில்லை. "நான் இருந்தா சோம்பேறி. அதையே பணம் கட்டி இருந்தா கலையா?"

"நீங்க முதல் நிலை முடிச்சிட்டு வந்து பேசுங்க," என்றாள் மனைவி. அவளால் அப்போது சிரிக்க முடிந்தது. பொடிசுக்கு இடம் கிடைத்துவிட்டதே. அவள் பாட்டுக்கு மேசைக்கு அடியில் ஒட்டகங்களோடு இருந்தாள்.

பிறகு சுற்றறிக்கை வந்தது. அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் பயிலாமல் தாமாகவே சும்மா இருந்துவரும் பிள்ளைகள், தகுதித் தேர்வில் தேறினால் மட்டுமே அவர்களின் தற்காலிக இடம் உறுதி செய்யப்படும். தாமாகவே சும்மா இருந்துவரும் பிள்ளை ஊரிலேயே ஒன்றுதான். அதற்காகச் சுற்றறிக்கை ஆயிரம் பிரதி அச்சாகியிருந்தது.

தேர்வு ஒரு பெரிய கூடத்தில், மையத்தின் முதல் நிலைத் தேர்வோடு சேர்த்து. முப்பது பாய்கள், முப்பது பிள்ளைகள். முதுகு நேராக, கை முழங்காலில், பார்வை எதிர்ச்சுவரில். மையத்துப் பிள்ளைகள் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். சாம்பியன் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினான்; அது பாடத்திட்டத்தில் 'உயர்நிலை அமைதி' என்ற தலைப்பின் கீழ் வருவதால் அவனுக்கு முழு மதிப்பெண். பொடிசு முதல் ஐந்து நிமிடம் பாயின் ஓரத்து நூலைச் சுருட்டினாள். பிறகு ஏதோ முணுமுணுத்தாள். பிறகு மேற்பார்வையாளரிடம், "உங்க சட்டையில ஒரு பட்டன் காணோமே, அது இப்ப தனியா எங்க இருக்கும்?" என்று கவலையோடு கேட்டாள்.

முடிவு: தேர்ச்சி இல்லை. காரணம்: தேர்வு நேரத்தில் எதையோ செய்துகொண்டிருந்தார்.

தாய் கல்வி அலுவலகத்தின் மாடிப்படி ஏறிப் போனாள். மேசைக்குப் பின்னால் அதே அலுவலர். இப்போது அவர் சும்மா பிரிவின் இணை இயக்குநர். நான்கு தொலைபேசிகள், மூச்சு விட நேரமில்லை.

"சார், அவ சும்மாதான் சார் இருந்தா!"

"பார்க்க அப்படித்தாம்மா இருக்கும். ஆனா அறிக்கையில என்ன எழுதியிருக்காங்க பாருங்க. ரெண்டு தடவை சிரிச்சிருக்கா."

"நீங்களே வீட்டுக்கு வந்து பார்த்தீங்களே சார். அந்த ஒட்டகம்..."

அலுவலரின் முகத்தில் ஏதோ ஒன்று எட்டிப் பார்த்தது. உடனே ஒரு தொலைபேசி அடித்தது. எட்டிப் பார்த்தது உள்ளே போய்விட்டது. "அப்ப பாடத்திட்டம் இல்லம்மா. இப்ப இருக்கே."

"சும்மாங்கிறதையே உங்களுக்குக் காட்டினது அவதானே சார்?"

"அதை நாங்க மறக்கல. முன்னுரையில நன்றி சொல்லியிருக்கோம்." அவர் குரலைத் தாழ்த்தினார். "மூணு மாசம் மையத்துல சேர்த்து விடுங்க. மறுதேர்வு இருக்கு. இல்லேன்னா இடம் காத்திருப்போர் பட்டியலுக்குப் போயிடும். முந்நூறு பேர் நிக்கிறாங்க."

அவளுக்கு அந்த நிமிடத்தில் சொல்ல ஒரு நல்ல வாக்கியம் கிடைத்தது. அந்த இடம் உங்களுக்கே இருக்கட்டும் என்பதில் தொடங்கும் வாக்கியம். தொண்டை வரை வந்தது, உதடு வரை வந்தது. வெளியே வந்தபோது அது வேறாக இருந்தது.

"கிளாஸ் எத்தனை மணிக்கு, சார்?"

மிஸ் கெட்டிக்காரி. முதல் மாதத்தில் பொடிசின் முணுமுணுப்பு நின்றது. இரண்டாம் மாதத்தில் விரல்கள் அடங்கின. மூன்றாம் மாதம் மறுதேர்வில் அவள் எதிர்ச்சுவரைப் பார்த்த பார்வையில் சுவருக்கே கூச்சம் வந்திருக்கும். சிறப்புத் தேர்ச்சி. முதல் வகுப்பு இடம் உறுதி. சர்டிபிகேட்டோடு புகைப்படம் எடுத்தபோது தாய் ஆனந்தத்தில் அழுதாள். அது ஆனந்தம்தானா என்று அவளை யாரும் கேட்கவில்லை, அவளும் கேட்டுக்கொள்ளவில்லை.

அதற்கடுத்த வாரம், மிஸ் இரண்டாம் நிலை முகாமுக்குப் போனதால் மையத்துக்கு நான்கு நாள் விடுமுறை விட்டார்கள். சாயங்காலம் நான்கு மணிக்குப் பொடிசு சாம்பல் சட்டையோடு கூடத்தின் நடுவில் வந்து நின்றாள்.

"அம்மா, இன்னிக்கு சும்மா கிடையாதாம். நான் என்ன பண்ணட்டும்?"

"அதனாலென்ன கண்ணு? சும்மா இரேன்."

பொடிசு திகைத்துப் போய் அம்மாவைப் பார்த்தாள். "மிஸ் இல்லாமலா?"

தாய் என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். பால்கனிக்குக் கூட்டிப் போனாள். பிள்ளை கம்பியைத் தொடாமல் ஓரடி தள்ளி, முதுகு நேராக நின்றது. எதிர் ஃப்ளாட்டிலிருந்து அதே கேள்வி கேட்டது. மாடியிலிருந்தும் கேட்டது. தெரு முழுக்க வீட்டுக்கு வீடு ஒரு பிள்ளை கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு, நான் என்ன பண்ணட்டும் என்று கேட்டது. அம்மாக்களும் அப்பாக்களும் டைரியைப் புரட்டிப் பார்த்தார்கள்; அதில் அவர்களுடைய கையெழுத்து மட்டும் இருந்தது. ஆறு மணி வரை எப்படியோ ஓட்டினார்கள். இன்னும் மூன்று நாள் இருக்கிறது என்று பெரியவர்கள் விரல் விட்டு எண்ணினார்கள்.

மறுநாள் காலை எல்லோரும் கூடி மனு எழுதினார்கள். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று பொடிசின் அம்மாவையே எழுதச் சொன்னார்கள். "மையத்தை விடுமுறையின்றி நடத்தித் தருமாறு தாழ்மையுடன் வேண்டுகிறோம். பிள்ளைகளை வீட்டில் சும்மா வைத்திருக்க எங்களுக்குத் தகுதியில்லை." முதல் கையெழுத்தை அவளே போட்டாள். இரண்டாவது, லிஃப்ட் மெக்கானிக்.

மனு அன்று மதியமே ஏற்கப்பட்டது. அந்த அலுவலகத்தில் அத்தனை வேகமாக நகர்ந்த காகிதம் அதற்கு முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது.